படகின் இடது ஓரத்துத் தாழ்ந்த தாங்கி

செல்வி, குமரா,

போன வாரம் படகைக் கழுவிவிட்டு வந்தபோது செல்வி கேட்டாள்: "அப்பா, பின்னாடி இடது ஓரத்துல ஒரு தூண்டில் கம்புத் தாங்கி மட்டும் ஏன் அவ்ளோ தாழ இருக்கு? வர்றவங்க எல்லாம் முட்டிய இடிச்சுக்கறாங்க. கழட்டிடவா?"

"பொறு, சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். சாப்பாட்டு நேரம் அது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் குமரன் பாதியிலேயே போனை எடுத்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள், என்னிடம் காட்ட வேண்டாம்.

என் முழங்கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு படகு உங்கள் கைக்கு வந்துவிட்டது. இன்ஜினைப் பற்றியோ லைசென்ஸைப் பற்றியோ நான் சொல்ல ஒன்றுமில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மீன்பிடிக்க நம் படகில் ஏறுகிற மனிதர்களை எப்படிப் பார்ப்பது என்பதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தர மாட்டார்கள். அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். தாங்கியின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மிதவை. நம் படகில் ஓடுகிற மிதவைதான் கட்டுவோம். தூண்டில் நரம்பு மிதவையின் நடுத் துளை வழியாக வழுக்கிக்கொண்டு ஓடும். கீழே ஈயமும் முள்ளும். மேலே நரம்பில் ஒரு நூல் முடிச்சு. ஈயம் கீழே இறங்கிக்கொண்டே போகும்போது மிதவை தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும். முடிச்சு வந்து முட்டியதும் நரம்பு நிற்கும், மிதவை எழுந்து நிற்கும். முடிச்சை எங்கே வைக்கிறோமோ, அதுதான் ஆழம். அந்த முடிச்சுக்கு நான் கடையில் விற்கிற நூலை வாங்கியதில்லை. தேக்கா மார்க்கெட்டில் உங்கள் அம்மா பூக்கட்டுகிற நூல்தான். நனைந்தால் நரம்பை நன்றாகக் கவ்வும், கம்பின் வளையங்களில் சிக்காமல் உள்ளே போகும். "ஆண்டவனுக்குப் பாதி, மீனுக்குப் பாதி" என்று அம்மா திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள்.

ஒரு தடவை பேங்கில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் வந்தார். கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு, "அங்கிள், என் ப்ளோட் தூங்குது லா" என்றார். "தூங்கல தம்பி. உங்க ஈயம் தரையில உக்காந்திருக்கு. அதான் இது நிக்க மாட்டேங்குது" என்று முடிச்சைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். எழுந்து நின்றது. அவர் கை தட்டினார். மிதவை எப்போது படுக்கிறது, எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், தண்ணீருக்கு அடியில் நடப்பது பாதி தெரிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

காத்தோங்கிலிருந்து ஒரு கணவன் மனைவி வருவார்கள். தனபாலன் அண்ணன், புவனா அக்கா. நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். மாதம் ஒரு முறை தவறாமல் வருவார்கள். பார்க்கிறவர்கள் அண்ணனைத்தான் மீன்பிடிக்காரர் என்று நினைப்பார்கள், தொப்பியும் நிறைய பாக்கெட் வைத்த சட்டையுமாக வருவார். ஆனால் கம்பைத் தொடுவது அக்காதான். அண்ணன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, நிழலில் உட்கார்ந்து, உபின் தீவைத் தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அக்கா மீனைப் போட்டதும் எழுந்து, "என்ன மீன்?" என்பார். "நீங்க தின்னப் போற மீன்" என்பார் அக்கா.

மிதவையைப் படிப்பதில் அக்காவின் கண் என் கண்ணைவிட நல்ல கண். தொழில் செய்கிற நான் சொல்கிறேன்.

பிறகு அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை வேலை செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் வரவே இல்லை. நானும் போன் செய்யத் தயங்கினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஒருநாள் அண்ணனே கூப்பிட்டார். "மணி, புவனாவை ஒரு தடவை கூட்டிட்டு வரட்டுமா? சும்மா காத்து வாங்கத்தான்."

"வாங்கண்ணே. நங்கூரம் போட வேணாம், ஓட்டத்தோட விட்டுடலாம். தூண்டில வீச வேண்டியதில்ல, பக்கத்துலயே இறக்கிவிட்டா போதும். படகும் மிதவையும் ஒண்ணாப் போகும். அக்காவுக்குக் கஷ்டம் இருக்காது" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

அன்று வேறு யாரையும் ஏற்றவில்லை. காலையில் இருவரும் வந்தார்கள். அக்கா நாலு கால் ஊன்றுகோலோடு நடந்து வந்தார். வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மணி, வயிறு போட்டுடுச்சு" என்றார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அக்கா லைஃப் ஜாக்கெட்டோடு போராடிக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னைப் படகின் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மணி, அவ கம்புல முள்ளு கட்டாத."

எனக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"முள்ளு இல்லாம சும்மா இறாலைச் செருகி விடு. அவ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டும். சந்தோஷமா இருப்பா. ஆனா மீன் மாட்டக் கூடாது. பெருசா ஏதாவது வந்து இழுத்து, அவ விழுந்தா..." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு அடுப்படியில விழுந்தா. நான் ஹால்ல டிவி பாத்துட்டு இருந்தேன். சத்தமா வச்சிருந்தேன்."

இந்த மாதிரி ஆட்கள் உங்களிடமும் வருவார்கள், பிள்ளைகளா. ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தருக்காக ஒன்று கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும். அதனால்தான் சரி என்று சொல்லிவிடத் தோன்றும்.

நான் சொன்னேன்: "அண்ணே, முள்ளு இல்லாம நான் யாருக்கும் கட்டினதில்ல. வேணும்னா அக்காகிட்ட சொல்லிட்டு, அவங்க சரின்னா கட்டுறேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் முகம் சுருங்கியது. "வேணாம் விடு" என்றார்.

கிளம்பினோம். நீரோட்டம் நல்ல வாட்டமாக இருந்தது. இன்ஜினை நிறுத்தி, படகை ஓட்டத்தோடு விட்டேன். அக்காவை இடது ஓரத்தில் உட்கார வைத்தேன். கம்பில் மிதவை, ஈயம், முள், உயிர் இறால் எல்லாம் தயார். அடியாழம் பார்த்து முடிச்சை வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்க்கும்போது அண்ணன் கம்பின் பக்கத்தில் குனிந்திருந்தார். அக்காவின் லைஃப் ஜாக்கெட் வாரைச் சரிசெய்கிற மாதிரி ஒரு கை. இன்னொரு கை முடிச்சைப் பிடித்துக் கீழே, கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மிதவைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்.

எத்தனையோ வருடம் தூங்கிக்கொண்டு வந்தவர் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டும் வந்திருக்கிறார். கொடுவா அடியில் நிற்கிற மீன். முடிச்சு இவ்வளவு கிட்டே இருந்தால் இறால் மேல் தண்ணீரிலேயே தொங்கும். முள் இருக்கும், மீன் வராது.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று கெஞ்சுகிற பார்வை.

நான் திறக்கவில்லை. பயந்து இல்லை. அக்கா அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் கம்பு, அவர் மிதவை. அவருக்குத் தெரியாமல் போகாது என்று எனக்குத் தெரியும்.

அக்கா இடது கையால் நரம்பை விட்டார். இறால் இறங்கியது. மிதவை படுத்தது. படுத்த உடனே டக்கென்று எழுந்து நின்றுவிட்டது.

அக்கா மிதவையைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ஏன் மணி, நான் வராத நேரத்துல கடல் வத்திப் போச்சா?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். அண்ணன் ஐஸ் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார்.

அக்கா ரீலைச் சுற்றினார். வலது கை செய்ய வேண்டியதை முழங்கால்கள் செய்தன. கம்பின் அடியை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கி, நடுப்பாகத்தைப் படகின் விளிம்பில் சாய்த்துக்கொண்டார். மிதவை கைக்கு வந்தது. முடிச்சை நகர்த்த இரண்டு கை வேண்டும். ஒன்று நரம்பைப் பிடிக்க, ஒன்று நூலை இழுக்க. அக்கா குனிந்து நரம்பைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

"ஏய், புவனா, பல்லு" என்றார் அண்ணன்.

அக்காவால் பதில் சொல்ல முடியாது, வாயில் நரம்பு. கண்ணால் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். இடது கை நகத்தால் நூலைப் பிடித்து மேலே நகர்த்தினார். நூல் கவ்விக்கொண்டு வர மறுத்தது. எச்சில் தொட்டு மறுபடி இழுத்தார். என் கை துறுதுறுத்தது, பிள்ளைகளா. ஒரு நிமிஷத்தில் நான் நகர்த்திக் கொடுத்திருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன், சும்மா நின்றது.

மறுபடி இறக்கினார். இந்த முறை மிதவை படுத்தே கிடந்தது. நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி, ஓடி, கடைசியில் ஒரு சின்ன அசைவோடு எழுந்து நின்றது. "ம்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. படகும் மிதவையும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் அன்று தூங்கவில்லை. அக்காவின் தோளுக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பிளாஸ்கைத் திறக்கச் சொல்லிக் காப்பி குடித்தார். "இதுல சீனி போட மறந்துட்டீங்க" என்றார். "டாக்டர் சொன்னாரு" என்றார் அண்ணன். "டாக்டர் என் காப்பியையா குடிக்கிறாரு?" என்றார் அக்கா.

மிதவை காணாமல் போனது அப்போதுதான்.

கம்பு வளைந்தது. அக்கா பிளாஸ்க் மூடியைக் கீழே போட்டுவிட்டு ரீலைப் பிடித்தார். முட்டிக்கு நடுவில் கம்பு வழுக்கியது, இன்னும் இறுக்கினார். நான் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஓட்டம் நான் நினைத்ததைவிட வேகமாக எங்களைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கண் முன்னால் மிதக்கும் மீன் பண்ணை. அதன் கயிறுகள் தண்ணீருக்கு அடியில் நாலாபக்கமும் போகும். இன்னும் கொஞ்சம் விட்டால் பண்ணையை மிதக்க வைக்கிற பீப்பாயில் படகு போய் இடிக்கும். எனக்கும் உங்களுக்கும் அது சின்ன இடி. ஒரு பக்கம் பலமில்லாத ஆள் விழுந்துவிடுவார். இன்ஜினைப் போட்டுப் பின்னால் எடுத்தால் நரம்பு தளரும், மீன் போகலாம்.

அதே நேரம் அண்ணன் எழுந்துவிட்டார். "குடு, குடு, நான் பிடிக்கிறேன்" என்று கம்பை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். பயந்தவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. "தொடாதீங்க" என்றால் சண்டை வரும். அவர் கைக்கு வேலை வேண்டும். இரண்டு கைக்கும் வேலை. பக்கத்தில் இருந்த கைவலையை எடுத்து, நீட்டிய அந்தக் கைகளிலேயே வைத்தேன்.

"அண்ணே, வலை உங்க பொறுப்பு. நான் இன்ஜினுக்குப் போகணும். அக்கா சொல்றப்போ தண்ணிக்குள்ள இறக்குங்க. அதுவரைக்கும் வலையக் கீழ வைக்காதீங்க."

அவர் அதைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். வலை பிடித்தவர் கம்பைப் பிடிக்க முடியாதே.

பிறகு அக்காவிடம் சொன்னேன். அண்ணனிடம் இல்லை, கம்பு யார் கையிலோ அவரிடம். "அக்கா, பண்ணைக் கயிறு கிட்ட வந்துடுச்சு. ரிவர்ஸ் எடுக்கப் போறேன். நரம்பு தளரும். மீன் போனாலும் போகும்."

அவர் திரும்பக்கூட இல்லை. "போடு. இந்தப் பக்கம் ஆட்டாம எடு. சுத்த வேண்டியது என் வேலை."

மெதுவாகப் பின்னால் எடுத்தேன். நரம்பு தளர்ந்தது. கம்பு நிமிர்ந்ததைப் பார்த்தபோது, போச்சு என்றுதான் நினைத்தேன். அக்காவின் இடது கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. படகு ஒதுங்கி, பண்ணை தள்ளிப் போய், நான் இன்ஜினை அணைத்த நொடியில் கம்பு மறுபடி வளைந்தது. கொடுவா ஒரு துள்ளுத் துள்ளித் தலையை ஆட்டியது. வெள்ளியாக மின்னிவிட்டு உள்ளே போனது.

"பெருசு" என்றார் அண்ணன்.

"பெருசெல்லாம் இல்ல, நடுத்தரம். பேசாம இருங்க."

அக்கா சுற்றினார், நிறுத்தினார், மீனை ஓட விட்டார், மறுபடி சுற்றினார். மூச்சு வாங்கியது. ஒரு முறை கையை உதறிக்கொண்டார். வலையின் பிடியை அண்ணன் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டி எல்லாம் வெளுத்திருந்தது.

கம்பின் நுனி வளையத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நூல் முடிச்சு உள்ளே வருகிற சத்தம். மீன் இனி அந்த ஆழத்துக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். மூவருக்கும் கேட்டது.

"முடிச்சு வந்துடுச்சு" என்றார் அண்ணன்.

"அப்போ வலைய இறக்குங்க."

இறக்கினார். முதல் முறை மீன் வலைக்கு வெளியே போனது. "தலைப்பக்கமா, வால்பக்கம் இல்ல" என்றார் அக்கா. இரண்டாம் முறை உள்ளே வந்தது. அண்ணன் தூக்கிப் படகில் போட்டார், அவரும் கூடவே உட்கார்ந்துவிட்டார். மீன் பலகையில் அடித்துக்கொண்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்தக் கைக்கு அது தெரிந்ததோ என்னவோ.

அக்கா என்னிடம் சொன்னார்: "பாத்துக்க மணி. இத்தனை வருஷமா ஐஸ் பெட்டி தூக்கினவரு. இன்னிக்குத்தான் மீன் தூக்கியிருக்காரு."

திரும்பி வரும்போது நான் இன்ஜின் பக்கம் இருந்தேன். காற்று என் பக்கமாக வீசியதால் அவர்கள் பேச்சு கேட்டது.

"முடிச்சை நகத்தினது நீங்கதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மிதவை எழுந்த வேகம் சொல்லுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க காரணம் சொல்லுவீங்க. நல்ல காரணமாத்தான் இருக்கும். கேட்டுட்டு நான் சும்மா உக்காந்திருக்கணும்." பிறகு அக்காவே, "நான் விழுந்தப்போ நீங்க டிவி பாத்ததாலயா விழுந்தேன்? அதுக்கு நான் இனிமே எழுந்திரிக்கவே கூடாதா?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் அக்காவின் முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். கம்பின் அடி அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் முன்பு போலவே வர ஆரம்பித்தார்கள். அண்ணன் மறுபடி தூங்க ஆரம்பித்தார். எனக்கு அதில்தான் அதிகச் சந்தோஷம். இப்போது வெளிநாட்டில் இருக்கிற மகள் வீட்டுக்கு, பெர்த்துக்குப் போயிருக்கிறார்கள். வந்ததும் கூப்பிடுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் போனை எடுக்கப்போவது நீங்கள்தான். அண்ணன் உங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதாவது சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அக்காவிடம் போய்ப் பேசுங்கள்.

அதனால் அந்தத் தாங்கியைக் கழற்ற வேண்டாம், செல்வி. முட்டி இடிக்கிறது என்றால் அதன்மேல் ஒரு பழைய துணியைச் சுற்றிவிடு.

அன்று அவர்கள் டாக்ஸி ஏறிப் போன பிறகு நான் மட்டும் படகில் இருந்தேன். வெயில் தணிந்திருந்தது. வழக்கமாகக் கழுவிவிட்டு, நூல் முடிச்சுகளை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். அன்று ஸ்க்ரூட்ரைவரை எடுத்து இடது ஓரத்துத் தாங்கியைக் கழற்றினேன். உட்கார்ந்தவரின் முட்டி உயரத்துக்குக் கீழே இறக்கி, உள்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பூட்டினேன். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் கம்பைத் தாங்கியில் செருகினேன். முடிச்சு அவர் நகர்த்திய இடத்திலேயே இருந்தது. இறால் இல்லை, முள் மட்டும். படகுத்துறையில் அவ்வளவு ஆழம் கிடையாது என்று தெரியும், அதனால் குனிந்து நரம்பைப் பல்லால் கடித்து, முடிச்சைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். உப்புக் கரித்தது. நூல் வழுக்கியது. இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுப் பிடித்தேன். பிறகு இடது கையால் நரம்பை விட்டுவிட்டு, படுத்துக் கிடந்த மிதவை எழுந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.